பேஸ்மென்ற் வாழை

அந்த வீட்டில் ஒரு சொல்லை வாயெடுத்துச் சொல்லக்கூடாது. செடியோ கொடியோ, ஏன், பாடாமல் கிடக்கும் பழைய றேடியோவோகூட, "உது செத்துப்போச்சு" என்று யாராவது சொல்லிவிட்டால் வீட்டுக்கார அண்ணையின் முகம் கறுத்துவிடும். "ஆர் பாத்தது? நீர் பாத்தனீரோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார். வந்து, வலது கைப் பெருவிரல் நகத்தால் செடியின் தண்டைச் சுரண்டுவார். அந்த ஒரு நகத்தை அதற்கென்றே நீட்டமாக விட்டிருந்தார். தோலுக்குக் கீழே ஊசிமுனையளவு பச்சை தெரிந்தால் போதும். "இஞ்சை பாரும், உயிர் கிடக்கு. நித்திரை கொள்ளுது, அவ்வளவுதான்." பச்சை தெரியாவிட்டால் கொஞ்சம் கீழே சுரண்டுவார். அங்கேயும் இல்லையென்றால் வேரில் சுரண்டுவார். வேரிலும் இல்லையென்றால், "இப்ப ஒண்டும் சொல்லேலாது, வெயில் வரட்டும் பாப்பம்" என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆகவே அந்த வீட்டில் எதுவும் செத்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் அவர்களுடைய பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில், மாடிக்கட்டடங்களுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சின்ன வீடுகளில் ஒன்று. பின்னேர ஷிப்ற்றில் பாண் சுடுகிற பக்ரறியில் வேலை. காலையில் வீட்டில்தான் இருப்பேன். தனிப் பொம்பிளை. கலியாணம் பேசி வந்தவர்களுக்கு என் வாய் பிடிக்கவில்லை, எனக்கு அவர்களுடைய தாய்மாரைப் பிடிக்கவில்லை, அப்படியே காலம் போய்விட்டது. மேலே அண்ணையும் அக்காவும் மட்டும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

கனடாவில் வாழையா என்று கேட்பீர்கள். வைக்கலாம். கோடையில் நன்றாகத்தான் வரும். குளிர் தொடங்கமுன் கிழங்கோடு கிண்டி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். எங்கள் ஆட்களில் கனபேர் இந்த விசர் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் தண்டைத் தறித்து, கிழங்கைச் சாக்கில் சுற்றி, ஒரு மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எங்கள் அண்ணைக்குத் தறிக்க மனம் வராது. முழு மரத்தையும் இலையோடு தூக்கி, ஒரு நீல பிளாஸ்ரிக் பீப்பாவில் நட்டு, பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். மரத்தின் தலை சீலிங்கில் முட்டி வளைந்து நிற்கும். அதற்கு மேலே ரியூப்லைற். அதற்குக் கீழே ஹீற்றர். ஓம், ஹீற்றர்! என் கட்டிலடியில் குளிர் எலும்பைக் கடிக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் வாழை கணகணவென்று குளிர்காய்ந்துகொண்டு நிற்கும். "அண்ணை, நான் வாழையா இருந்து நீங்கள் என்னை வாடகைக்கு வைச்சிருந்தால் நல்லா இருந்திருப்பன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு ஹீற்றர் வாங்கிவந்து என் கதவடியில் வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனுசன்.

நான் சொல்லும் வருடத்தில் குளிர் முந்திவிட்டது. வாழையைக் கிண்டிய அன்று புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, நீர் தலைப்பக்கம் பிடியும். இலை கிழியாமல். மெல்ல, மெல்ல!"

"இதென்ன கலியாண மாப்பிள்ளையே அண்ணை, இவ்வளவு பவுத்திரமாக் கொண்டுவர?"

"கதையாமல் வாரும்."

வேலிக்கு அந்தப்பக்கத்தில் இத்தாலியக் கிழவர் தன்னுடைய அத்திமரத்துக்குப் பழைய காப்பெற்றைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. ஒருவருடைய மரத்தை மற்றவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அதோடு சரி.

குளிர்காலத்தில் அந்த மரத்தில் கத்தி படக்கூடாது என்பது அவருடைய அடுத்த சட்டம். கோடையில் தெருவில் யார் கேட்டாலும் இலை வெட்டிக் கொடுப்பார். குளிர் வந்தபின், விரதம், பூசை என்று ஆர் வந்து கேட்டாலும் கும்பிட்டு அனுப்பிவிடுவார். "குளிருக்கை இலை வெட்டினால் மரம் தாங்காது. கடையிலை ஐஸிலை போட்ட இலை விக்குது, வாங்குங்கோ."

அவரைப் பற்றி அக்கா சொன்ன கதை ஒன்று இருக்கிறது. கனடா வந்த புதிதில் அண்ணை சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அப்பார்ட்மென்றில் கனக்கப் பெடியன்களோடு நெரிபட்டுக்கொண்டு இருந்தவர். அதில் ஒரு பெடியனுடைய தகப்பன் ஊரில் செத்துப்போனார். ரெலிபோன் அண்ணையின் கைக்குத்தான் வந்தது. எங்கள் சனத்துக்கு அப்படியான செய்தியை நேரே சொல்ல வராது, உங்களுக்குத் தெரியும்தானே. அண்ணை முதல்நாள், "அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சலாம்" என்றார். அடுத்தநாள், "ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டினமாம்." அதற்கடுத்த நாள், "கொஞ்சம் கடுமையாம்." அன்று பின்னேரம் பெடியன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, எப்ப எடுக்கினம்?" என்று தானே கேட்டானாம். அண்ணை அவனைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். அந்தச் சொல்லை அவர் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அதன்பிறகு ரொறன்ரோவில் யாருக்காவது ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால், "அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவர் பக்குவமாச் சொல்லுவார்" என்றாகிவிட்டது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, கடுமை. இந்த மூன்று படியிலும் எத்தனை பேரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருப்பார்!

பிள்ளை இல்லையென்று சொன்னேன். ஒருத்தி இருந்தாள். அக்காவின் தங்கச்சி. தாய் இல்லாத பிள்ளை. அக்கா கலியாணம் முடித்துப் போகும்போது சின்னச் சட்டையோடு அக்காவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போனவளாம். அண்ணைதான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அவளைச் சின்னவள் என்றுதான் இருவரும் சொல்வார்கள். அண்ணை பிறகு அக்காவைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. வன்னியில் ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பெண்பிள்ளை. அந்தக் குஞ்சை இவர்கள் கண்ணால் கண்டதில்லை. போட்டோவில் கண்டதுதான். பிரிட்ஜ் கதவில் இருந்தது, முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்போடு.

அந்த வருடம் வசந்தத்தில் ஊரில் யுத்தம் முடிந்தது. முடிந்தது என்று ரீ.வி. சொன்னது. எங்களுக்கு எங்கே முடிந்தது? ஒவ்வொரு வீட்டிலும் ரெலிபோனைச் சுற்றி ஆட்கள் குந்திக்கொண்டிருந்தார்கள். தப்பி வந்த சனத்தை அடைத்துவைத்த முகாமில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரிப்பதிலேயே கோடை முழுக்கப் போனது. சின்னவள் வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெருவில் யாராவது அண்ணையை மறித்து, "ஒண்டும் தெரியேல்லையோ? அப்ப..." என்று இழுத்தால் போதும். "அப்ப எண்டால்? ஆர் பாத்தது? முகாமுக்கை எத்தினை ஆயிரம் சனம், கண்டுபிடிக்க நாள் செல்லும்தானே" என்று ஒரே பிடியாகப் பிடித்துவிடுவார். அக்காவும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்.

வாழை உள்ளே வந்து கொஞ்ச நாளில் அந்த ரெலிபோன் வந்தது. கறிச்சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நான் மேலே போயிருந்தேன். முகாமில் இருந்து புதிதாக வெளியே விடப்பட்ட யாரோ ஒரு தம்பி. அண்ணை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓம்... ஓம்... சரி தம்பி... ஓம்" என்றார். வைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"சின்னவளுக்குக் காயமாம். ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவையாம்."

அக்கா அடுப்பில் கொதித்ததை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப பறவாயில்லை. ஆஸ்பத்திரி எண்டால் பாப்பினம்தானே" என்றார்.

"ஓமோம். பாப்பினம்."

நான் கீழே வந்து கட்டிலில் இருந்துவிட்டேன். இந்த மனுசன் ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னவர், தனக்கு ஒருவன் சொன்னால் விளங்காதா? இல்லை, உள்ளதைச் சுரண்டிப் பார்த்து இவருக்கு மட்டும் பச்சை தெரிந்துவிட்டதா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், பிறகு சிரித்ததற்கு வெட்கப்படுவீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் அக்கா, "முழங்கால் நோகுது, படி ஏறேலாது" என்று போகாமல் விட்டார். அண்ணை ஒரு சொல் கேட்கவில்லை. "ஓம், றோட்டும் சறுக்கும்" என்றார். வெளியே ஒரு பொட்டுச் ஸ்நோ இல்லை! மீன் சமைப்பது நின்றது. "இப்ப வாற மீன் சரியில்லை" என்றார் அக்கா. "ஓம், சரியில்லை" என்றார் அண்ணை. மீன் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத மனுசன்! அண்ணை முகம் மழிப்பதை விட்டார். "குளிருக்குத் தாடி நல்லது" என்றார். "ஓம், நல்லது" என்றார் அக்கா. சாவு விழுந்து துடக்குக் காக்கிற வீட்டில் என்னென்ன செய்யமாட்டார்களோ அதெல்லாம் அந்த வீட்டில் ஒவ்வொன்றாக நின்றது. கட்டிப்போன பிள்ளைக்குத் துடக்கு உண்டோ இல்லையோ, வளர்த்த மனம் கேட்குமா? ஒருவர் சாட்டுச் சொல்ல மற்றவர் ஓம் போட, இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். இல்லை, ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மெசின். காலையில் அண்ணை கடைக்கோ தோட்டத்துக்கோ போனதும் அக்கா படியால் இறங்கி வருவார். மெசின் ஓடத் தொடங்கும். வீட்டில் இரண்டு பேர். ஒவ்வொரு நாளும் தோய்க்க என்ன இருக்கிறது? ஒருநாள் என்னுடைய துவாயைப் போடலாம் என்று கதவைத் திறந்தேன். மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாழைப் பீப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் நிலத்தில் குந்தி, சேலைத்தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன செய்வது?

அக்கா விக்கி விக்கிச் சொன்னார். அண்ணைக்குத் தெரியாமல், வவுனியாவுக்கு வந்து சேர்ந்த சின்னவளின் பக்கத்து வீட்டுக்காரியை விசாரித்துப் பிடித்துக் கதைத்திருக்கிறார். அவள் ஒளிக்கவில்லை. அவளே பார்த்தவள். ஷெல் விழுந்தபோது பங்கருக்குள் இருந்த மூன்று பேரும். சின்னவள், புருசன், குஞ்சு.

"மூடினதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தானாம் பிள்ளை. மண்ணைத் தள்ளிப்போட்டு ஓடினவையாம்."

"ஐயோ அக்கா..."

"அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி எண்டு நம்பிக்கொண்டிருக்கிறார். தெரிஞ்சால் மனுசன் தாங்காது. நீ வாய் துறந்திடாதை. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். அண்ணை வாழையின் காய்ந்த மட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு போனேன். அவர் தண்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளை, ஆறு வயசுப் பிள்ளைக்குச் ஸ்நோ சப்பாத்து என்ன சைஸ் வரும்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை மெசினுக்கு மேல் வைத்தேன்.

"ஆருக்கு அண்ணை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உமக்குச் சொல்லுறன். அவவுக்குத் தெரியாது, சொல்லிப்போடாதேயும். அந்தத் தம்பி ஆஸ்பத்திரி எண்டவுடனை எனக்கு விளங்கீற்றுது. உந்தக் கதையை நான் எத்தினை பேருக்குச் சொன்னனான். பேந்து வெளியிலை போய்த் திருப்பி எடுத்துக் கேட்டன். சின்னவள் இல்லையாம்." கொஞ்ச நேரம் மட்டையை உரித்தார். "ஆனால் அவன் பாத்தது அவளை மட்டும்தான். மற்ற ரெண்டு பேரையும் ஆரும் காணேல்லையாம். காணேல்லை எண்டால் என்ன? எங்கையோ இருக்கினம் எண்டுதானே? குஞ்சு இருக்கும் பிள்ளை. தேடி எடுத்து ஸ்பொன்சர் பண்ணுவம். முதலிலை குஞ்சு வரட்டும், அதைக் கையிலை குடுத்துப்போட்டு இவவுக்கு மற்றதைச் சொல்லுவம். அப்ப தாங்குவா."

சொல்லிவிட்டு அந்த நகத்தால் வாழைத் தண்டை இலேசாகச் சுரண்டினார். ஈரப் பச்சை தெரிந்தது. "பாத்தீரே?" என்றார்.

கோதாரி விழுந்த வாழை! அந்த நேரம் அதைப் பிடுங்கித் தெருவில் எறியவேண்டும் போல இருந்தது. மேலே ஒருத்தி மூன்று பேரையும் நெஞ்சுக்குள் புதைத்துவைத்துக்கொண்டு சோறு பரிமாறுகிறாள்; இந்த மனுசன் சப்பாத்துக்குச் சைஸ் கேட்கிறார். நான் அவளுக்குச் சத்தியம் பண்ணியவள். "கடையிலை கேட்டால் சொல்லுவினம் அண்ணை" என்றேன். அந்தக் கிழமை நான் வேலைத்தலத்தில் பாண் தட்டு இரண்டு தரம் கைதவறி விட்டேன். சூப்பவைசர் கத்தினான். கத்தட்டும்.

முதல் ஸ்நோ விழுந்த காலை அது. வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இத்தாலியக் கிழவரின் அத்திமரம் காப்பெற்றும் தானுமாக, மூடிக்கட்டிய ஒரு ஆளைப்போல நின்றது. அண்ணை ஸ்நோ தள்ள வெளியே போனார். மெசின் ஓடத் தொடங்கியது. நான் பேஸ்மென்றில் இருந்த சின்ன அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றேன். வழக்கத்தைவிடக் கெதியாகப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"நெடுக ஓடுது உந்த மெசின். பெல்ற் தேஞ்சுபோம். சத்தமும் வேறை மாதிரிக் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே அண்ணை இறங்கி வந்தார். கையுறையில் ஸ்நோ ஒட்டியிருந்தது. நான் மறிக்க நினைத்தேன். என்னவென்று மறிப்பது? அவர் நேரே உள்ளே போனார். அக்கா அவசரமாக எழும்பி, மெசினில் சாய்ந்துகொண்டு முகத்தைத் துடைத்தார்.

அண்ணை மூடியைத் திறந்தார். மெசின் நின்றது. குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு சீலைத்துண்டுகூட இல்லை. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் தண்ணீரையே கனநேரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்காவின் கண் இரண்டும் கோவைப்பழமாகக் கிடந்தன. தாடி வளர்த்த முகமும் அழுது வீங்கிய முகமும். கோயில், மீன், சறுக்காத றோட்டு, எல்லாம் அந்த ஒரு பார்வையில் கணக்குத் தீர்ந்ததை நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

"உமக்கும் தெரியுமோ?" என்றார் அண்ணை.

அக்கா தலையாட்டினார்.

அண்ணை மூடியைத் திரும்ப மூடினார். மெசின் பழையபடி ஓடத் தொடங்கியது. என்னிடம் வந்து, "பிள்ளை, அந்த அடுப்படிக் கத்தியைத் தாரும்" என்றார். கொடுத்தேன். மரத்தடிக்குப் போனார். சீலிங்கில் வளைந்து நின்ற இலைகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்குப் படைப்பம். ஒரு இலை காணும்தானே?"

அக்கா மெசினைப் பிடித்த பிடியை விடவில்லை.

"மூண்டு வேணும்" என்றார்.

அண்ணையின் கை இலையில் இருந்தபடியே நின்றது. அந்தப் பெருவிரல் நகம் இலை நரம்பில் பதிந்திருந்தது.

"குஞ்சுமோ?"

"குஞ்சும்தான்."

"ஆர் பாத்தது?"

அவரைக் கண்ட நாளிலிருந்து எத்தனையோ தரம் கேட்ட கேள்வி. அதுவரைக்கும் அதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"பக்கத்து வீட்டுக்காரி. அவள்தான் மண் போட்டவள்."

அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவர் முதல் இலையை வெட்டினார். இரண்டாவதையும் வெட்டினார். மூன்றாவதாகச் சின்ன இலை ஒன்றைத் தேடி, கிழியாமல் பார்த்து வெட்டினார். மரத்தில் சுருண்ட குருத்தும் காய்ந்த மட்டைகளும்தான் மிஞ்சின.

"அதுக்கு என்ன விருப்பம்?" என்று அக்காவிடம் கேட்டார். "என்ன வைக்கிறது?"

"எனக்குத் தெரியாதே" என்று அக்கா வாய்விட்டு அழுதார். "எங்களுக்கு ஒண்டும் தெரியாதே. கேட்டு வைக்கேல்லையே."

வாய் சும்மா இருக்க மாட்டாமல் நான்தான் உளறினேன். "அண்ணை, மூண்டு இலையும் போனால் இந்தக் குளிருக்கு மரம் பட்டுப்போம்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். பட்டுப்போவதென்றால் சாவதுதான்; அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல்.

"பட்டால் படட்டும், பிள்ளை" என்றார்.

மூன்று இலையையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியில் ஏறினார். அக்கா பின்னால் போனார். மேலே கதவு சாத்திய சத்தம் கேட்டது. மெசின் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிற்பாட்டினேன்.